படம் சமமாக இருந்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு

வாசகர் கேள்வி – பதில்

கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி அமைந்திருந்தன. இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளில் எது மேல் என்பதை ஒரு கேமை வைத்து எப்படித் தீர்மானிப்பது என்பதே அந்தக் கேள்வி. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ‘சைபர்பங்க் 2077’ என்ற கேமைக் குறிப்பிட்டிருந்தன. போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட இந்த கேம், நைட் சிட்டி என்ற கற்பனை நகரத்தின் நியான் விளக்குகளையும் ஈரச் சாலைகளையும் வரைவதற்கு எந்தக் கார்டையும் திணறடிக்கக்கூடியது. தனக்குள்ளேயே பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையையும் கொண்டிருப்பதால், வெளிவந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் கார்டுகளைச் சோதிப்போர் இதைக் கைவிடவில்லை. ஆகவே இந்த இதழின் பதில்களுக்கு இதையே பொது எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

கேள்வி: விடுதியில் எங்கள் அறையில் இரண்டு கணினிகள் உள்ளன. என்னுடையதில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 கார்டும் அறைத்தோழருடையதில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டும் இருக்கின்றன. இருவருடைய மானிட்டரும் 1080பி. இருவரும் ‘அல்ட்ரா’ செட்டிங்ஸ் வைத்து சைபர்பங்கை ஓட்டினோம். அவருக்கு வரும் எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை பிரேம்கள், அதாவது படங்கள், என்ற எண்) என்னுடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. நான் தவறான கார்டை வாங்கிவிட்டேனா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. 2023ஆம் ஆண்டில் ஒரு மாத இடைவெளியில் வெளிவந்த இந்த இரு கார்டுகளும், ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரைதல்) இல்லாத சாதாரண முறையில் ஒன்றையொன்று நெருங்கியே நிற்பவை. இரண்டுக்கும் 8 ஜிபி நினைவகம், இரண்டுக்கும் 128 பிட் பாதை. அவற்றுக்கிடையே இரு மடங்கு வித்தியாசம் தெரிகிறது என்றால், இரண்டு கணினிகளும் ஒரே படத்தை வரையவில்லை என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும்.

‘அல்ட்ரா’ என்ற சொல் நிழல், பிரதிபலிப்பு, மூடுபனி போன்றவற்றின் தரத்தை மட்டுமே சொல்கிறது; அந்தப் படம் எத்தனை புள்ளிகளில் வரையப்படுகிறது என்பதைச் சொல்வதில்லை. 1080பி என்பது 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அல்லது ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் என்ற அப்ஸ்கேலிங் (சிறிய படத்தைப் பெரிதாக்கும்) வசதி ‘குவாலிட்டி’ நிலையில் இயங்கினால், கார்டு உள்ளே வரைவது 1280க்கு 720 அளவிலான படத்தைத்தான். அதில் இருப்பவை 9,21,600 புள்ளிகள், முழு அளவில் பாதிக்கும் குறைவு. ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலைக்குப் போனால் 960க்கு 540, சரியாகக் கால் பங்கு. மீதமுள்ள புள்ளிகளை முந்தைய பிரேம்களின் தகவலைக் கொண்டு கணித்து நிரப்பி, மானிட்டருக்கு முழு அளவில் அனுப்புகிறார்கள். வசதி மிக நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன்; ஆனால் ஒரு கணினியில் அது இயங்கி மற்றொன்றில் இயங்காதபோது, வரும் எண்களை அருகருகே வைப்பது, நான்கு பேருக்குச் சமைத்தவரையும் பத்துப் பேருக்குச் சமைத்தவரையும் அடுப்பணைத்த நேரத்தை வைத்து ஒப்பிடுவதற்கு நிகரானது.

இந்த கேமில் தரத் தொகுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதே அப்ஸ்கேலிங்கும் தானாக இயங்கத் தொடங்கிவிடக்கூடும் என்பதால், நீங்கள் இருவரும் எதையும் தொடாமலேயே இது நடந்திருக்கலாம். அதோடு உங்கள் நண்பரின் கார்டில் பிரேம் ஜெனரேஷன் என்ற வசதியும் இயங்கிக்கொண்டிருந்தால், கணித்துச் செருகப்படும் பிரேம்களும் திரை மூலையிலுள்ள எண்ணில் சேர்ந்துவிடும்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். இரு கணினிகளிலும் ரெசல்யூஷனை 1920க்கு 1080 என்று வைத்து, அப்ஸ்கேலிங், பிரேம் ஜெனரேஷன், ரே டிரேசிங், வி-சிங்க் (பிரேம் வேகத்தை மானிட்டரின் வேகத்தோடு இணைக்கும் வசதி) ஆகிய அனைத்தையும் நிறுத்திவிடுங்கள். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளிலும் பிரேம் வரம்போ கூர்மையாக்கும் வசதியோ தனியாக இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேமுக்குள் நிறுத்தியது அங்கே இயங்கிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கூட்ட அடர்த்தி என்ற செட்டிங்கை மறக்கவே கூடாது. தெருவில் எத்தனை மனிதர்கள் நடமாடுகிறார்கள் என்பதை முடிவு செய்யும் அது, கார்டைவிட பிராசசரின் மீதே அதிகச் சுமையை ஏற்றுகிறது. பிறகு பெஞ்ச்மார்க்கை நான்கு முறை ஓட்டி, முதல் முறையை விட்டுவிட்டு, மற்ற மூன்றின் சராசரியை எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் தரவுகள் நினைவகத்துக்கு ஏறிக்கொண்டிருப்பதால் அது பெரும்பாலும் சற்றுத் தாழ்ந்தே வரும்.

அடுத்த சுற்றில் ரே டிரேசிங்கை இருவரும் ஒரே நிலையில் இயக்குங்கள். இங்கே உங்கள் நண்பரின் கார்டு தெளிவாக முந்தும். அது நேர்மையான வெற்றி, ஏனெனில் ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் திறன் என்விடியாவின் அந்தத் தலைமுறைக் கார்டுகளில் உண்மையாகவே அதிகம். மூன்றாவது சுற்றில் அவரவர் கார்டுக்கு உரிய அப்ஸ்கேலிங்கை இயக்கிப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சுற்றின் முடிவை வெறும் எண்ணாக எழுதாதீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் படம் எப்படி இருந்தது என்று இரண்டு வரியாவது எழுதுங்கள். அந்த இரண்டு வரி இல்லாத பட்டியலை நான் நம்புவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நிலைகளின் பெயர் ஒன்றாக இருப்பதால் உள்ளே வரையப்படும் அளவும் ஒன்று என்று கொள்ளக் கூடாது. இன்டெல் தன் எக்ஸ்இஎஸ்எஸ் என்ற அப்ஸ்கேலிங் வசதியின் 1.3ஆம் பதிப்பை 2024இல் வெளியிட்டபோது நிலைகளின் விகிதங்களையே மாற்றியது. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இரண்டிலும் ‘குவாலிட்டி’ என்பது ஒவ்வொரு பக்கத்தையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்குவது. அந்தப் பதிப்புக்குப் பின் எக்ஸ்இஎஸ்எஸ்ஸில் அதே பெயர் 1.7 மடங்கைக் குறிக்கிறது. குறைவான புள்ளிகளை வரைவது வேகத்தைக் கூட்டும் என்பது வெளிப்படை. மூன்றையும் ‘குவாலிட்டி’யில் வைத்து ஒப்பிட்டோம் என்று யாரேனும் சொன்னால், அந்த ஒப்பீடு தொடக்கத்திலேயே சமமற்றது.

கேள்வி: ஒரே இடத்தில் நின்று டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இரண்டிலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெரிதாக்கியும் பார்த்துவிட்டேன். எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. வல்லுநர்கள் மட்டும் பெரிய வேறுபாடு இருப்பதாகச் சொல்வது ஏன்?
– பள்ளி ஆசிரியை, மதுரை

பதில்: உங்கள் கண்ணில் குறையில்லை; நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள் என்பதே காரணம். இந்த வசதிகள் எல்லாம் காலத்தைச் சேர்த்து வேலை செய்பவை. ஒவ்வொரு பிரேமிலும் கேமரா ஒரு புள்ளியின் அகலத்துக்கும் குறைவான அளவில் நகர்த்தப்படுகிறது; அடுத்தடுத்த பிரேம்களில் கிடைக்கும் சிறு சிறு தகவல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, பெரிய படம் உருவாகிறது. நீங்களும் காட்சியும் அசையாமல் இருந்தால் பத்து, இருபது பிரேம்களின் தகவலை நிதானமாகச் சேர்த்துக்கொள்ள முடிகிறது என்பதால், சுமாரான முறைகூட அழகான ஸ்கிரீன்ஷாட்டைத் தந்துவிடும்.

சோதனை தொடங்குவது நீங்கள் நகரும்போதுதான். ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்ற தகவலை கேம் தருகிறது. அதைக் கொண்டு பழைய பிரேமின் புள்ளியைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கார் விலகிப்போகும்போது அதற்குப் பின்னால் மறைந்திருந்த சுவர் திடீரென்று வெளிப்படுகிறது. அந்தச் சுவரைப் பற்றி முந்தைய பிரேம்களில் எந்தத் தகவலும் இல்லை. அந்த இடத்தில் எந்த முறை எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் தரம் இருக்கிறது. பழைய புள்ளிகளை அதிகமாக நம்பினால் காருக்குப் பின்னால் மங்கலான வால் ஒன்று நீளும்; இதைத்தான் கோஸ்டிங் என்கிறார்கள். குறைவாக நம்பினால் அந்த ஓரம் பொரிந்துபோனதைப் போலப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். 2018இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையுடன் வந்த முதல் டிஎல்எஸ்எஸ் படத்தை மங்கலாக்கியது என்பதை அன்று பயன்படுத்தியவர்கள் மறக்க மாட்டார்கள். 2020 மார்ச் மாதத்தில் வந்த இரண்டாம் பதிப்புதான், எந்தப் புள்ளியை நம்புவது என்ற முடிவைப் பயிற்சி பெற்ற நரம்பியல் வலையமைப்பிடம் நன்றாக ஒப்படைத்து நிலைமையை மாற்றியது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2, 3 ஆகியவை அந்த முடிவை மனிதர் எழுதிய விதிகளால் எடுத்தன. 2025இல் ஆர்எக்ஸ் 9070 வரிசையுடன் வந்த எஃப்எஸ்ஆர் 4, இயந்திரக் கற்றலுக்கு மாறியதால் அந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்துவிட்டது. எனவே ‘எஃப்எஸ்ஆர் மோசம்’ என்று பதிப்பைச் சொல்லாமல் பேசுவதில் இன்று பொருளில்லை.

மீண்டும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நைட் சிட்டியில் இரவு நேரத்தில், மழை பெய்யும்போது, கம்பிவேலி ஒன்றின் ஓரமாகப் பக்கவாட்டில் நடந்துகொண்டே அந்த வேலிக்குப் பின்னால் ஓடும் கார்களைக் கவனியுங்கள். தொலைவிலுள்ள மின்கம்பிகள், படிக்கட்டின் கைப்பிடிகள், உங்கள் பாத்திரத்தின் கைத்துப்பாக்கியின் விளிம்பு ஆகியவற்றில் மினுமினுப்பு இருக்கிறதா, கோடுகள் அறுபடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு இரண்டையும் வீடியோவாகப் பதிவு செய்து, மெதுவாக ஓட்டி, ஒரே இடத்தில் நிறுத்தி ஒப்பிடுங்கள். அருகருகே வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு என்விடியா இலவசமாகத் தரும் ஐகேட் என்ற மென்பொருள் உதவும். பதிவின் பிட்ரேட் (வினாடிக்குச் சேமிக்கப்படும் தரவின் அளவு) அதிகமாக இருக்க வேண்டும். யூடியூபில் ஏற்றப்பட்ட வீடியோவைப் பார்த்து முடிவெடுத்தால், நீங்கள் மதிப்பிடுவது கார்டின் வேலையையா, வீடியோவைச் சுருக்கிய முறையின் வேலையையா என்பது உங்களுக்கே தெரியாது.

இன்னும் இரண்டைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அப்ஸ்கேலிங் முறைகளுக்குக் கூர்மையாக்கும் அளவு தனித்தனியாக உண்டு. ஒன்றில் அது கூடுதலாக இருந்தால், முதல் பார்வையில் அதுவே தெளிவாகத் தோன்றும், அரை மணி நேரம் விளையாடிய பிறகுதான் ஓரங்களில் வெள்ளைக் கோடு தெரிவது உறுத்தும். 2025 ஜனவரியில் வந்த 2.21ஆம் பதிப்புக்குப் பின் இந்த கேமில் டிஎல்எஸ்எஸ்ஸுக்குள்ளேயே பழைய மாதிரி, டிரான்ஸ்ஃபார்மர் என்ற புதிய மாதிரி என இரண்டு தேர்வுகள் உள்ளன. எதை வைத்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்ஸ்கேலிங் இல்லாத ‘நேட்டிவ்’ படம்தான் எப்போதும் உயர்ந்தது என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். இந்த கேமின் நேட்டிவ் படமும் டிஏஏ என்ற காலச்சேர்க்கை முறையின் வழியாகத்தான் வருகிறது. மெல்லிய கம்பிகளில் சில நேரங்களில் டிஎல்எஸ்எஸ் படமே அதைவிட உறுதியாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஏஎம்டி கார்டில் வண்ணங்கள் துடிப்பாகவும் என்விடியா கார்டில் வெளுத்தும் தெரிகின்றன என்று கடைக்காரர் சொன்னார். வீட்டிலும் அப்படியே தெரிகிறது. இது கார்டின் குணமா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: கேமின் வண்ணங்களைக் கணக்கிடுவதில் இரு நிறுவனக் கார்டுகளுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கிடையாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரே மானிட்டரில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு படம் வரையப்பட்ட பிறகு, கேபிள் வழியாக வெளியேறும் இடத்தில் நேர்கிறது. கணினி மானிட்டர்கள் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 0 முதல் 255 வரையிலான முழு அளவை எதிர்பார்க்கின்றன. தொலைக்காட்சி உலகின் வழக்கம் 16 முதல் 235 வரை. எச்டிஎம்ஐ வழியாக இணைக்கும்போது சில மானிட்டர்களைத் தொலைக்காட்சி என்று டிரைவர் கருதிக்கொண்டு குறுகிய அளவை அனுப்பிவிடுகிறது. அப்போது கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை மங்கலாகவும் தெரியும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் வெளியீட்டு வரம்பை ‘ஃபுல்’ என்று மாற்றுங்கள். முடிந்தால் டிஸ்பிளேபோர்ட் கேபிளைப் பயன்படுத்துங்கள். எதிர்ப்பக்கத்தில், துடிப்பாகத் தெரியும் கார்டில் வண்ணச் செறிவைக் கூட்டும் செட்டிங் ஏதேனும் இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பத்தாயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் பொருளைப் பற்றி ஒரு மெனுவிலுள்ள ஒரு வரியால் தவறான எண்ணம் நிலைத்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: இரு கார்டுகளும் சராசரியாக ஒரே எஃப்பிஎஸ் காட்டுகின்றன. ஆனாலும் ஒன்றில் விளையாட்டு வழுக்கிக்கொண்டு போகிறது, மற்றதில் அவ்வப்போது இடறுகிறது. எண் பொய் சொல்கிறதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: எண் பொய் சொல்லவில்லை, பாதியை மறைக்கிறது. ஒரு வினாடியில் 60 பிரேம்கள் வந்தன என்று கொள்ளுங்கள். அவற்றில் 59 பிரேம்கள் தலா 10 மில்லி வினாடியில் வந்து, மீதமுள்ள ஒன்று மட்டும் 410 மில்லி வினாடி எடுத்துக்கொண்டாலும், கூட்டினால் சரியாக ஒரு வினாடி. கணக்கேட்டில் அது 60 எஃப்பிஎஸ். ஆனால் திரையின் முன் அமர்ந்திருப்பவருக்கோ, கிட்டத்தட்ட அரை வினாடி எல்லாம் உறைந்துபோன அனுபவம். ‘தி டெக் ரிப்போர்ட்’ என்ற இணையதளத்தில் ஸ்காட் வாசன் 2011இல் இதை விரிவாக எழுதிய பின்னர்தான், ஒவ்வொரு பிரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தை அளக்கும் வழக்கம் சோதனையாளர்களிடையே பரவியது. இன்று சோதனை அட்டவணைகளில் காணப்படும் ‘1 சதவீத லோ’ என்ற எண் அந்த வழக்கத்திலிருந்து வந்தது. மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு பிரேம்களின் நிலையை அது காட்டுகிறது. கேப்ஃபிரேம்எக்ஸ் போன்ற இலவச மென்பொருளால் நீங்களே இதை அளக்கலாம்.

உங்கள் கடிதத்தில் இடறும் கார்டு 8 ஜிபி உடையது, மற்றது 12 ஜிபி உடையது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. டெக்ஸ்சர்களுக்கு (பொருட்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படங்களுக்கு) நினைவகம் போதாமல் போகும்போது, கார்டு அவற்றைக் கணினியின் ரேமிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக எடுத்துவர வேண்டியிருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 போன்றவை அந்தப் பாதையில் 16 தடங்களுக்குப் பதிலாக 8 தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால், அந்தப் பாதை பழைய மூன்றாம் தலைமுறையாக உள்ள மதர்போர்டுகளில் இந்த இடறல் இன்னும் மோசமாகும்.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. சில கேம்கள் நினைவகம் போதாதபோது இடறுவதற்குப் பதிலாக, சொல்லாமல் டெக்ஸ்சரின் தரத்தைக் குறைத்துவிடுகின்றன. 2023இல் வெளிவந்த ‘ஹாக்வர்ட்ஸ் லெகசி’யில் 8 ஜிபி கார்டுகளில் சுவர்களும் தளங்களும் களிமண்ணைப் பூசியதைப் போல மழுங்கித் தெரிந்ததைப் பல சோதனையாளர்கள் காட்டினார்கள். எஃப்பிஎஸ் வரைபடத்தில் அந்தக் கார்டு கௌரவமாகவே நின்றது, குறைந்துபோனது படம். எண்ணை மட்டும் அச்சிடும் அட்டவணை இத்தகைய கார்டுக்குத் தகுதிக்கு மேற்பட்ட இடத்தைத் தந்துவிடுகிறது.

கேள்வி: புதிய ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, பல மடங்கு விலையுள்ள ஆர்டிஎக்ஸ் 4090க்கு இணையானது என்று நிறுவனமே அறிவித்ததே. அப்படியானால் 4090 வைத்திருப்பவர்கள் ஏமாந்துவிட்டார்களா?
– மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலருக்கு 4090இன் செயல்திறன் என்று மேடையிலேயே சொன்னது உண்மை. அந்த ஒப்பீடு டிஎல்எஸ்எஸ் 4இன் மல்டி பிரேம் ஜெனரேஷனை நம்பி நின்றது. அந்த வசதியில், கார்டு உண்மையாக வரைந்த ஒவ்வொரு பிரேமுக்கும் மூன்று பிரேம்கள் வரை கணித்துச் செருகப்படுகின்றன. 4090இலோ ஒன்றுக்கு ஒன்றுதான் செருக முடியும். இந்த வசதியை நிறுத்திவிட்டு அளந்தவர்களுக்கு, 5070 முந்தைய தலைமுறையின் 4070 சூப்பர் கார்டின் பக்கத்தில்தான் நின்றது. நினைவகத்திலும் 4090க்கு 24 ஜிபி, 5070க்கு 12 ஜிபி.

செருகப்படும் பிரேம் கண்ணுக்கு உதவுகிறது, கைக்கு உதவுவதில்லை. இரண்டு உண்மையான பிரேம்களுக்கு இடையே ஒன்றைக் கணிக்க வேண்டுமானால், இரண்டாவது பிரேம் தயாரான பின்னும் அதைக் காட்டாமல் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தத் தாமதம் மவுஸை நகர்த்தும் கையில் தெரியும். கார்டு உண்மையில் 30 பிரேம்களை வரைந்து, செருகலுக்குப் பின் 120 என்று காட்டினால், கேம் உங்கள் கட்டளையைக் கவனிப்பது ஏறத்தாழ 33 மில்லி வினாடிக்கு ஒருமுறைதான். உண்மையான 120இல் அது 8.3 மில்லி வினாடி. கணிப்பில் பிழைகளும் அதிகமாகும். வேகமாகத் திரும்பும்போது திரையின் ஓரங்களும், காட்சியின் மேல் மிதக்கும் எழுத்துகளும் குலைவதைக் காணலாம். அடிப்படை வேகம் 60ஐ எட்டிய பிறகு, 144 அல்லது 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை நிரப்புவதற்கு இந்த வசதி அருமையானது என்பதே என் கருத்து. 30ஐ 60 ஆக்குவதற்கு அதை நாடாதீர்கள். கார்டுகளை ஒப்பிடும்போது முழுவதுமாக நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் வாங்கினேன். அதே பெயருள்ள கார்டு கொண்ட நண்பரின் லேப்டாப் கணிசமாக வேகமாக ஓடுகிறது. பழுதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பழுதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. லேப்டாப்புக்கான 4060ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ள என்விடியா தயாரிப்பாளர்களை அனுமதிக்கிறது. பெயர் மட்டும் ஒன்றுதான். உங்கள் மாடலின் விவரப் பக்கத்தில் டிஜிபி என்று குறிப்பிடப்பட்டிருக்கும் வாட் அளவைப் பாருங்கள். வாங்கும் முன்பே பார்க்க வேண்டிய எண் அது.

கேள்வி: வெளிநாட்டு யூடியூபர் காட்டும் எஃப்பிஎஸ் என் கணினியில் வருவதேயில்லை. செட்டிங்ஸ், பிராசசர், ரேம் எல்லாமே ஒன்றுதான்.
– வாசகர், வேலூர்

பதில்: அறையின் வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். குளிரூட்டிய அறையில், திறந்த மேசையில் வைத்துச் சோதிக்கப்படும் கார்டும், மே மாதத்து வேலூரில் மூடிய பெட்டிக்குள் ஓடும் கார்டும் ஒரே கடிகார வேகத்தைத் தக்கவைக்க முடியாது. வெப்பம் ஏற ஏற கார்டு தன் வேகத்தைத் தானே படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். கேமை இருபது நிமிடம் ஓட்டிய பிறகு வரும் எண்ணை அளந்து, அதையே உங்கள் கணினியின் எண்ணாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: எண்ணை உயர்த்துவதற்காக நிறுவனங்களே படத்தின் தரத்தை ரகசியமாகக் குறைத்ததுண்டு என்று ஒரு பெரியவர் சொன்னார். நம்ப முடியவில்லை. உண்மையா?
– வாசகர், சேலம்

பதில்: உண்மை. இரு பெரிய நிறுவனங்களின் வரலாற்றிலும் அது உண்டு.

2001ஆம் ஆண்டில் ஏடிஐ நிறுவனம் ரேடியான் 8500 கார்டை வெளியிட்டது. பின்னாளில் ஏஎம்டி வாங்கிய அதே ஏடிஐதான். அக்காலத்தில் எல்லாரும் சோதனைக்குப் பயன்படுத்திய கேம் ‘குவேக் 3’. ‘ஹார்ட்ஓசிபி’ என்ற தளத்தினர் அந்த கேமின் நிரல் கோப்பில் ‘குவேக்’ என்று இருந்த பெயரை ‘குவாக்’ என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். மாற்றியது பெயரை மட்டும்தான். வேகம் குறைந்துவிட்டது, படமோ தெளிவடைந்தது. கேமின் பெயரை டிரைவர் அடையாளம் கண்டு, சில டெக்ஸ்சர்களின் தரத்தைத் தாழ்த்திக்கொண்டிருந்தது இப்படித்தான் வெளிப்பட்டது. அடுத்து வந்த டிரைவரில் ஏடிஐ படத்தின் தரத்தைச் சரிசெய்தபோது, வேகம் பெரிதாகக் குறையவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

2003 மே மாதத்தில் என்விடியாவின் முறை வந்தது. 3டிமார்க்03 என்ற சோதனை மென்பொருளில் கேமரா எப்போதும் ஒரே பாதையில்தான் செல்லும். அந்தப் பாதையிலிருந்து தெரியாத பகுதிகளை வரையாமலேயே விட்டுவிடும்படி டிரைவரில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். மென்பொருளை உருவாக்குவோருக்கான பதிப்பில் கேமராவைப் பாதையிலிருந்து விலக்கிப் பார்த்தபோது, வானமும் பின்னணியும் துண்டு துண்டாகச் சிதைந்து தெரிந்தன. அந்தச் சோதனை மென்பொருளைத் தயாரித்த ஃபியூச்சர்மார்க் நிறுவனம் அந்த வழிகளை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டதும் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ரா கார்டின் மதிப்பெண் சுமார் 24 சதவீதம் சரிந்தது; ஏடிஐயின் கார்டும் தப்பவில்லை, அதற்கு ஏறத்தாழ 2 சதவீதம். சில நாட்களில் ஃபியூச்சர்மார்க்கும் என்விடியாவும் கூட்டறிக்கை விட்டு, அதற்கு ‘ஏமாற்று’ என்ற சொல்லைத் தவிர்த்துக்கொண்டன. நான் அந்தச் சொல்லையே பொருத்தமானதாகக் கருதுகிறேன். வரையாத ஒன்றை வரைந்ததாகக் கணக்குக் காட்டுவதற்கு வேறு நல்ல பெயர் இல்லை.

மூன்றாவது நிகழ்ச்சி நுட்பமானது. டெக்ஸ்சரின் தரநிலைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மென்மையாக மாறுகின்றனவா என்று பார்க்க, சோதனையாளர்கள் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வண்ணம் பூசிப் பார்ப்பது வழக்கம். 2004இல் ஜெர்மனியின் ‘கம்ப்யூட்டர்பேஸ்’ தளம், ஏடிஐயின் புதிய கார்டுகள் வண்ணம் பூசிய சோதனையில் முழுத் தரத்தையும், சாதாரண கேமில் சுருக்கிய முறையையும் கையாள்வதைக் கண்டுபிடித்தது. பெரும்பாலான காட்சிகளில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது என்று நிறுவனம் வாதிட்டது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சுருக்கம் நல்ல பொறியியல் என்பதை நான் ஏற்கிறேன். எதிராளியின் கார்டு முழு வேலையைச் செய்து வாங்கிய எண்ணோடு அதை அறிவிக்காமல் ஒப்பிடவிட்டதுதான் எனக்கு உடன்பாடில்லாதது.

இன்று இவ்வளவு வெளிப்படையான குறுக்குவழிகளை நான் காணவில்லை. மெனுவிலேயே பெயரிட்டு வைத்திருக்கும் சுருக்க வழிகள்தான் அதிகம். ஆயினும் புதிய டிரைவர் ஒன்று உங்களுக்குப் பிடித்த கேமில் பெரிய முன்னேற்றம் தருவதாக அறிவிக்கப்பட்டால், நிறுவுவதற்கு முன்பு மூன்று நான்கு இடங்களில் பழைய டிரைவரிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சுருக்கப்படாத பிஎன்ஜி வடிவில் சேமித்துவிடுங்கள்; ஒரு நிமிட வீடியோவும் இருக்கட்டும். நிறுவிய பின் அதே இடங்களில், கேமுக்குள் அதே நேரத்தில், அதே வானிலையில் மீண்டும் எடுத்து, தொலைவிலுள்ள தரையையும் சாய்வான சுவர்களையும் முதலில் ஒப்பிடுங்கள். தரம் குறைக்கப்பட்டிருந்தால் அது முதலில் தெரியும் இடங்கள் அவைதான்.